விதானையாரிடம் போகுமுன்

மகாபொல புலமைப்பரிசில் அலுவல்களை உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பார்க்கலாம் என்றுதான் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் இருப்பார்கள். இசட் புள்ளி தெரியாமல் என்ன அவசரம் என்பார்கள். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பம் கோரினால் கையிலிருப்பது சில கிழமைகள்தான். எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று மண்டையை உடைப்பதிலேயே அதில் பாதி போய்விடும். சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை சும்மா கிடக்கிற மாதங்கள்தான் கடதாசி வேலைக்குத் தோது.

கடதாசிகளில் தலையிடி தருவது வருமானச் சான்றிதழ். தகப்பன் துறைமுக அதிகாரசபையிலோ சீனக்குடா பிறிமா ஆலையிலோ வேலை என்றால் சம்பளத் துண்டை நீட்டினால் சரி. என் அப்பா கொட்பேயில் ஒரு சம்மாட்டியாரின் வள்ளத்தில் பங்குக்குத் தொழில் செய்தவர்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் அண்ணை?" என்று விதானையார் கேட்டார்.

"கடல் தந்தால் நாலாயிரம் வரும் ஐயா" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

நாலாயிரத்தை முப்பதாலும் பன்னிரண்டாலும் பெருக்கினால் 14 இலட்சத்து 40 ஆயிரம். ஒரே வசனத்தில் நான் பணக்கார வீட்டுப் பிள்ளையாகிவிட்டேன்! வாடைக் காலத்தில் வள்ளம் கரையிலேயே கிடப்பதும், பங்கு பிரிக்குமுன் எண்ணெய்க் காசு கழிவதும் அந்தப் பெருக்கலில் வராது. நல்ல வேளையாக, சம்மாட்டியார் கொடுத்த கணக்குத் துண்டுகளை அம்மா பழைய பிஸ்கட் ரின் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். விதானையார் அவற்றை மாதம் மாதமாக மேசையில் பரப்பிக் கூட்டினார். மார்கழிக்கு இரண்டே இரண்டு துண்டு. வருமானத்தைக் குறைத்துச் சொல்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு வருஷக் கணக்கை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள் என்கிறேன். விதானையார் எழுதியதும் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும், அதற்கும் நாளாகும்.

இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்த வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அவருடைய அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். சத்தியக் கடதாசி முடிப்பதென்றால் அதையும் முன்கூட்டியே முடியுங்கள். படிக்கிற தம்பி தங்கச்சிக்குப் பாடசாலைக் கடிதம் எடுப்பதை விடுமுறைக்கு முன் செய்யுங்கள், பிறகு அதிபரைப் பிடிக்க முடியாது.

மகாபொல 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கியது. அதன் நிதியில் லொத்தர் காசும் இருக்கிறது. அப்பா வாங்கித் தள்ளிய லொத்தர் வீண்போகவில்லை என்று அம்மா இப்போதும் நக்கலடிப்பார். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கான பேர்சரி 4,000இலிருந்து 6,500 ஆனது. இரண்டில் எதுவானாலும் முதல் காசு பிந்தித்தான் வரும். கோணேசபுரி வளாகம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். எனக்குக் கிடைத்தது பேராதனை. போர்டிங் முற்பணத்துக்கு அம்மா முந்திய வருஷமே ஒரு சீட்டுக் கட்டத் தொடங்கியிருந்தார்.