போனுக்கும் சட்டம் உண்டு: தெரிந்துகொள்வோம், எடுத்துச் சொல்வோம்



இன்று போன் இல்லாத லயக் காம்பரா குறைவு. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையோடு பேசவும், மாணவர் பாடம் படிக்கவும் அதுதான் துணை. கூரை ஒழுகும் லயத்தைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டு நியாயம் கேட்பதும் அதில்தான். ஆனால் அதற்கென்று ஒரு சட்டம் வருகிறது என்றால், "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?" என்று ஒதுங்கிவிடுகிறோம். அது சரியா?

நம் நாட்டில் நடந்தது

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பர் 18இல் வர்த்தமானியில் வந்தது. ஒக்டோபர் 3இல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இடையில் 15 நாள்தான். இணையத்தில் பிள்ளைகளைத் துன்புறுத்துவோரைத் தண்டிப்பது அதன் ஒரு பக்கம். இணையத்தில் வரும் பொய்க் கூற்றுகள் மீது நடவடிக்கை எடுக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு அமைப்பது மறுபக்கம். "உள்ள குறையைச் சொன்னாலும் பொய்யின்னு சொல்லிருவாங்களோ?" என்று பலர் பயந்தார்கள், உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். பல பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்றது நீதிமன்றம். 2024 ஜனவரி 24இல், ஆதரவாக 108, எதிராக 62 வாக்குகளுடன் அது நிறைவேறி, அந்த ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

ஆதரித்தவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. ஆனால் அந்த 15 நாளில் நம் லயங்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்தது?

அயல் நாட்டில் நடந்தது

வட்ஸ்அப்புக்கு ஒரு காட், பேஸ்புக்குக்கு ஒரு காட் என்று தனித்தனியே விலை வைக்கலாமா? 2015இல் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதுபோன்ற கேள்விகளைக் கேட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கோரியது. அந்த அறிக்கை ஆங்கிலத்தில் 118 பக்கம். யார் படிப்பார்கள்? இளைஞர் சிலர் அதை எளிமையாக்கி, வேடிக்கையாகப் பேசிக் காணொளி போட்டார்கள். அது கைக்குக் கை மாறியது. சில வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பெப்ரவரி 8இல் அப்படி வேறு வேறு விலை வைப்பதை ஆணையம் தடை செய்தது.

நாம் செய்யக்கூடியவை

1. செய்தி வந்ததும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கோயிலடியில் நாலு பேரிடம் பேசுவோம். என்ன வருகிறது, நமக்கு என்ன ஆகும், யாரிடம் சொல்வது – இந்த மூன்றும் போதும்.

2. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக வட்ஸ்அப்பில் குரலிலேயே பேசி அனுப்புவோம். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

3. சட்டமூலம் தமிழிலும் அச்சாகிறது. அதைப் பார்த்து, திகதியையும் பெயரையும் சரியாகச் சொல்வோம். "யாரோ அனுப்புனாங்க" என்று வந்ததை அப்படியே தள்ளிவிட வேண்டாம்.

4. மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவோம். பெயர், தோட்டம், டிவிசன், ஒரே ஒரு கோரிக்கை. பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வோம். எழுத முடியாதவர்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

வீட்டில் பேச

• நம் லயத்துக் குறையைப் போனில் பகிரும்போது எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

• அடுத்த சட்டமூலம் வந்தால் நம் வரிசையில் முதலில் யார் யாருக்குச் சொல்வது?

சட்டம் வந்த பின் கவலைப்படுவதைவிட, வருமுன் ஒரு வார்த்தை பேசுவது நல்லது.