பயந்த கையில் ஊசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் எழுதியதைப் படித்தேன். அங்கேயே பதில் போட்டிருக்கலாம். ஹாஸ்டலில் ராத்திரி போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று சொன்னாயே, அதற்குப் பிறகும் எடுத்துப் படிக்க ஏதாவது கையில் இருக்கட்டும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

பெண்கள் மெடிக்கல் வார்டில், நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் கேட்க, "உனக்கெல்லாம் யாரு சீட்டு கொடுத்தது? மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று உன் நர்சிங் கல்லூரி மேடம் சொல்லியிருக்கிறார். லாக் புக்கைத் தூக்கித் தரையில் வீசியிருக்கிறார். நீ செய்த குற்றம், எடுத்த பிபியைச் சார்ட்டில் ஏற்ற மறந்தது. இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்கிறாய். உன் அம்மா "எல்லா இடத்திலயும் அப்படித்தான், பொறுத்துப் போ" என்கிறாள். உன் அப்பா "டிசி வாங்கிட்டு வா" என்கிறார். வார்டிலும் நின்று, வகுப்பிலும் நின்று ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

முதலில் உன் பக்கத்துக் கணக்கைத் தீர்ப்போம். சார்ட்டில் ஏற்றாத பிபி எடுக்காத பிபிதான். அடுத்த ஷிப்டுக்கு வருகிற சிஸ்டர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? நம் தொழிலில் சின்னத் தவறுக்கும் பெரிய தவறுக்கும் நடுவில் அதிக இடைவெளி கிடையாது. இன்சுலினையே எடுத்துக்கொள். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது. 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. கொஞ்ச நேரத்தில் அந்த நோயாளிக்கு வியர்த்துக் கொட்டும், நினைவு தப்பும். பொட்டாசியம் குளோரைடை டிரிப்பில் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இதையெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அதனால் கண்டிப்பில்லாத நர்சிங் ஆசிரியர் எனக்கு வேண்டவே வேண்டாம். "எந்த நோயாளி, எந்த மருந்து, எத்தனை அளவு, எந்த வழி, எந்த நேரம்" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறவர் உனக்குத் தொந்தரவாகத் தெரியலாம். அவரை விட்டுவிடாதே.

எனக்குக் கற்றுக்கொடுத்த மேடம் ஒருவர் அப்படிப்பட்டவர். டிரேயில் ஒரு சாமான் குறைந்தாலும் முழுசாகக் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்வார். ஊசி போடப் போகிற கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். ஆனால் நோயாளி முன்னால் குரல் உயர்ந்ததில்லை; திரைக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்பார். என் ஊர், என் நிறம், என் அப்பா செய்த தொழில், என் இங்கிலீஷ், இவை எதுவும் அவர் வாயில் வந்ததில்லை. என்னைத் திட்டி முடித்ததும் அதே வேலையை அவர் கண்முன்னே இன்னொரு முறை செய்ய வைப்பார். சரியாகச் செய்துவிட்டால் அத்தோடு முடிந்தது. மறுநாள் அதைக் கிளறமாட்டார்.

உன் மேடத்தை இதோடு வைத்துப் பார். பிபியைச் சார்ட்டில் எப்படி ஏற்றுவது, ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று அன்று அவர் ஏதாவது சொன்னாரா? நீ எழுதியதில் அது இல்லை. மாடு மேய்ப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. (மாடு மேய்ப்பதும் சுலபமான வேலை இல்லை என்று உன் தாத்தா இருந்தால் சொல்லியிருப்பார்.) தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை கேஸ் பிரசென்டேஷனில் திக்கினால் வகுப்பே சிரிக்கும்படி அதே மாதிரி பேசிக் காட்டுவது, முடி சரியாக வாரவில்லை என்று வாசலில் நிறுத்துவது, காய்ச்சல் என்று சொன்னவளை நடிக்கிறாள் என்பது எல்லாம் இந்த வகைதான். இவற்றால் எந்த நோயாளிக்கும் நன்மை இல்லை.

நன்மை இல்லை என்பதோடு போகாது, கெடுதலும் உண்டு. இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல நினைத்தேன். 2015-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் இஸ்ரேல் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. பச்சிளங் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்கள். டாக்டர்களும் நர்சுகளும் கலந்தவை. குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென்று மோசமாவதுபோல் பொம்மையை வைத்துப் பயிற்சி. வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். சில குழுக்களிடம் அந்த நிபுணர் சாதாரணமாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம், இந்த நாட்டு மருத்துவத்தின் தரம் தனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை என்கிற மாதிரி மட்டம்தட்டிப் பேசினார். கத்தவில்லை, எதையும் வீசவில்லை. அவ்வளவு லேசான அவமரியாதைக்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் செய்முறையிலும் பின்தங்கின. தெரிந்த தகவலை ஒருவருக்கொருவர் சொல்வது குறைந்தது, உதவி கேட்பதும் குறைந்தது. அவர்களெல்லாம் அனுபவசாலிகள். முதல் தடவை கேனுலா போடப் போகிற உன்னிடம், கை நடுங்கும்போது "நடுங்குது பாரு" என்று கத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?

இன்னொன்று, அதற்கும் முந்தையது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு மருத்துவமனைகளில் எட்டு வார்டுகளின் மருந்துத் தவறுகளைக் கணக்கெடுத்து 1996-ல் எழுதினார். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். வந்த கணக்கு தலைகீழ்: நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. அங்கே தவறு நடந்தால் நர்சுகள் பயமில்லாமல் வந்து சொன்னார்கள். மிரட்டலாக நடத்தப்பட்ட வார்டுகளில் வாயை மூடிக்கொண்டார்கள், அதனால் ஏடு சுத்தமாக இருந்தது. நம் ஊர் வார்டுகளிலும் அப்படிச் சுத்தமான ஏடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய வெப்பநிலை, எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி 98.6 என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். திட்டுக்குப் பயந்த மாணவி கற்றுக்கொள்ளும் முதல் வித்தை அதுதான். நீ பிபியை எழுத மறந்தாய். அடுத்த முறை, எடுக்காத பிபியையே எழுதிவிடத் தோன்றும். தோன்றினால் மேடம் திட்டியதைவிட அது ஆபத்தானது என்று நினைத்துக்கொள்.

ஆசிரியர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நர்சிங் கல்வி பிறந்த இடத்திலேயே கொஞ்சம் பட்டாளத்து வாடை உண்டு. நைட்டிங்கேல் போர்க்கால மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே பயிற்சிப் பெண்களின் நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் எல்லாவற்றுக்கும் மேட்ரன் குறிப்பெழுதி வைப்பார். அன்றைய நிலையில் நர்ஸ் வேலைக்கு மரியாதை தேடித்தர அது தேவைப்பட்டது. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தபோது அந்த வழக்கங்களும் கப்பலேறி வந்தன. மாணவி என்றால் பாதி மாணவி, பாதி சம்பளமில்லாத கூலி என்கிற நினைப்பும் ஒட்டிக்கொண்டது. டாக்டருக்குக் கீழே, நிர்வாகத்துக்குக் கீழே, எதிர்த்துப் பேச வழியில்லாமல் நின்றவர்கள் தங்கள் ஆத்திரத்தைத் தங்களுக்கும் கீழே இருந்தவர்கள்மேல் இறக்கினார்கள். சூசன் ராபர்ட்ஸ் என்பவர் 1983-லேயே நர்சிங் உலகத்தை வைத்து இதை எழுதிவிட்டார். 1986-ல் ஜூடித் மெய்ஸ்னர் என்ற அமெரிக்க நர்ஸ், நம் பிள்ளைகளை நாமே தின்கிறோமா என்று தன் சகாக்களைப் பார்த்துக் கேட்டார். ஆக இது உன் கல்லூரியின் சொத்து மட்டும் இல்லை.

இன்றைய காரணங்கள் இன்னும் சாதாரணமானவை. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். தனியார் கல்லூரிகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை ஆய்வு வருகிற நாளில் மட்டும் சரியாக இருக்கும். மற்ற நாளெல்லாம் ஒரு ட்யூட்டர் மூன்று வார்டுக்கு ஓடுவார். அவர் வாங்கும் சம்பளத்தைக் கேட்டால் நீ அவருக்காக வருத்தப்படுவாய். ட்யூட்டர்களில் பலர் வேலை பார்த்த அனுபவம் அதிகமில்லாமல் படிப்பு முடிந்த கையோடு பாடம் எடுக்க வந்தவர்கள்; தடுமாற்றத்தை மறைக்கச் சத்தம் உதவுகிறது. "நாங்க படாததையா நீங்க பட்டுட்டீங்க?" என்பது ஸ்டாஃப் ரூமில் தினமும் கேட்கும் வசனம். காரணம் புரிகிறது என்பதால் செய்தது சரியாகிவிடாது. விளக்கேற்றும் விழாவில் கையில் விளக்கைக் கொடுத்துக் கருணையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்கள், திங்கட்கிழமை வார்டில் அதில் ஒரு துளியை மாணவிக்கும் ஒதுக்கலாம்.

உன் பயத்துக்கு வேறொரு பெயர் இன்டர்னல் மார்க். தியரியில் 25, பிராக்டிகலில் 50 அவர்கள் கையில். கிளினிக்கல் வருகை நூறு சதவீதம் இருந்தால்தான் பட்டம். இந்தக் கயிற்றை அவர்கள் பிடித்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் கோபத்தில் எதையும் செய்யாதே என்கிறேன்.

முதலில் அந்த மேடத்தையே தனியாகப் பார். வார்டில் வேண்டாம், கல்லூரியில் பார். "மேடம், நான் சார்ட்டில் ஏற்றாதது தப்பு. இனி எடுத்த உடனே ஏற்றுகிறேன். ஆனால் பேஷன்ட் முன்னால் அப்படிச் சொன்னதிலிருந்து அவர்கள் என்னிடம் ஊசி போட்டுக்கொள்ள யோசிக்கிறார்கள்" என்று சொல். அழுதால் பரவாயில்லை, சொல்லி முடி. இப்படி நேரில் சொன்னதும் மாறிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். மாறாதவர்களையும் தெரியும்.

மாறாவிட்டால் எழுத்துதான். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். "மேடம் எப்பவும் திட்டுறாங்க" என்று எழுதினால் யாருக்கும் பிடி கிடைக்காது. தேதி, நேரம், வார்டு, சொன்ன சொற்கள் அப்படியே, கூட இருந்தவர்கள் யார், இத்தனையும் அன்றைக்கே எழுது. உன் தவறையும் அதிலேயே எழுது. மறைத்தால் அவர்கள் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். போனில் ரகசியமாக வீடியோ எடுக்காதே. படுக்கையில் இருக்கிறவரின் உடம்பும் நோயும் உன் சாட்சியத்துக்குள் மாட்டக் கூடாது.

அந்த நோட்டை வைத்து முதல்வருக்கு மனு கொடு. முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிப்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும்; புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை கொடுக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சீனியர்கள் கொடுமை செய்தால் அதற்கு 1997-ல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் திட்டுவதை நடைமுறையில் யாரும் ராகிங் என்று எடுத்துக்கொள்வதில்லை. அதனால் குறைதீர்க்கும் குழுதான் உனக்கு வழி. சாதியைச் சொல்லித் திட்டினால் அது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விஷயம். தப்பான பார்வை, தொடுகை என்றால் பாலியல் புகார்களுக்கென்றே உள்ள உள்ளகக் குழு. இந்த இரண்டிலும் தனியாகப் பேசிப் பார்க்கிற வேலையே வேண்டாம், நேராகப் புகார். அசல் சான்றிதழைத் தரமாட்டோம் என்று மிரட்டினால், அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே மானியக் குழு அறிவித்துவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியதை நான் சும்மா விடமாட்டேன். 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால்கூட அந்த நிமிஷமே அங்கேயோ எனக்கோ போன் போடு. ஹாஸ்டல் விதி, போன் விதி எதையும் அப்போது பார்க்காதே, வார்டனை எழுப்பு.

படிப்பை நிறுத்துவது கடைசியில் பார்க்க வேண்டியது. நீ ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டியதைப் பற்றி எழுதியிருந்த பத்தியைப் படித்ததால் சொல்கிறேன், உனக்கு இந்த வேலை வரும். மனு கொடுத்தும் ஒரு செமஸ்டருக்குள் ஒன்றும் மாறாவிட்டால், உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மனுவை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, கொடுப்பதற்கு முன் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை