பேஸ் குரலைக் கேட்டிருக்கீங்களா?

ஸ்கூல் கேரல் குரூப்ல, குரல் உடைஞ்சதும் என்னை பேஸுக்குத் தள்ளிட்டாங்க. மெலடி போச்சேன்னு ரெண்டு வருஷம் கடுப்பு. கிங்ஸ் சிங்கர்ஸ் பாடும் கேரல்களைக் கேட்டதும்தான் அது தீர்ந்தது. 1968இல் கேம்பிரிட்ஜில் உருவான ஆறு பேர் குழு. பெரும்பாலும் இசைக்கருவியே இல்லாமல் பாடுவார்கள்.

பியானோவில் மேஜர் தேர்டின் அதிர்வெண் விகிதம் சுமார் 1.26. கருவியில்லாமல் பாடுபவர்கள் பேஸைக் காதில் வைத்து அதை 1.25க்கு, அதாவது 5:4க்கு, இறக்கிக்கொள்ள முடியும். அப்போ பீட்ஸ் அடங்கிடும் (ஆமா, ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல மனப்பாடம் பண்ணோமே, அதேதான்). நாலஞ்சு குரல் ஒரே குரலா நிக்கும்.

ஒரு கேரலின் கடைசி கார்டை, பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டு மறுபடி கேளுங்க. ஹெட்போன்ல கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல நம்மாளு காணாமப் போயிடுவாரு.