நக்கிள்ஸ் பார்க்க எங்கே தங்குவது?

கேள்வி: கொழும்பிலிருந்து உறவினர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். நக்கிள்ஸ் மலையும் மீமுரே கிராமமும் பார்க்க வேண்டுமாம். கண்டியில் அறை எடுப்பதா, ஹுன்னஸ்கிரியவிலா?
– வாசகர், மடவளை

பதில்: ஹுன்னஸ்கிரியவில் தங்கச் சொல்லுங்கள். கண்டியில் வசதியான ஹோட்டல்கள் நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பயணத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மெத்தை அல்ல, காலைப் பொழுது. மீமுரே போகும் வழியிலுள்ள கோர்பட்ஸ் கேப் கணவாயில் பல நாட்களில் மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிடும். எதிரே லக்கேகல சிகரம் இருப்பதே தெரியாது. ஹுன்னஸ்கிரியவில் மீமுரேக்குப் பிரியும் பாதையோ ஒடுக்கமானது. எதிரில் ஒரு வான் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். கண்டியில் தங்கி, காலையில் அங்கே நெரிசலில் ஒரு மணித்தியாலத்தை இழந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் அந்தப் பாதையின் வளைவுகளில் பிள்ளைகளோடு திரும்புவது பாதுகாப்பல்ல.

ஹலால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். மடவளையிலேயே புரியாணிப் பொதி கட்டிக்கொள்ளலாம். தங்குமிடத்தில் சோறும் மரக்கறியும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஒன்று மட்டும்: 2010 முதல் நக்கிள்ஸ் வனம் உலக மரபுரிமைப் பிரதேசம். பொதி சுற்றிய பொலித்தீனைக் காட்டில் போடாமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் மீமுரே பக்கச் சரிவில் அடைமழை. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.