இணங்காத உயிரணுக்கள்

நோய்கள் எல்லாம் ஒரே வகையாக வருவன அல்ல. வாந்திபேதியும் நச்சுக் காய்ச்சலும் வந்த அன்றே தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும். வேறு சில, பல்லாண்டுகள் உடலுள் ஒளிந்து வளர்ந்து, முற்றிய பின்னரே புலப்படும். இரண்டாம் வகை நீரிழிவு அத்தகையது. அதற்கு வித்தாக அமைவது 'இன்சுலின் எதிர்ப்பு' என்னும் நிலை. அஃது யாது என்பதையும், எவ்வாறு உண்டாகின்றது என்பதையும் இளமையிலேயே அறிந்துகொள்ளுதல் நன்று.

உண்ட சோறும் இட்டலியும் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்கு எரிபொருளாகும். ஆயினும், ஓய்ந்திருக்கும் தசையின் உயிரணுக்களுக்குள் அது தானாக எளிதில் நுழைவதில்லை. இரைப்பையின் பின்புறம் அமைந்த கணையம், உணவு உண்டவுடன் இன்சுலின் என்னும் சுரப்பினைக் குருதியில் விடுகின்றது. இன்சுலின் உயிரணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பியில் பொருந்தியதும், உள்ளே ஒரு குறிப்புச் செல்கின்றது. உடனே, சர்க்கரையைக் கடத்தும் புரதங்கள் உள்ளிருந்து மேற்பரப்பிற்கு வந்து வழிவிடுகின்றன. கல்லீரலும் இன்சுலினுக்குக் கட்டுப்பட்டதே. உணவில்லாத இரவுப் பொழுதில் சர்க்கரையை ஆக்கிக் குருதிக்கு ஈயும் அவ்வுறுப்பு, இன்சுலின் மிகுந்ததும் அவ்வீகையைக் குறைத்துக்கொள்ளும்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். குருதியைக் கால்வாய் என்றும், சர்க்கரையை அதில் ஓடும் நீர் என்றும், உயிரணுக்களை வயல்கள் என்றும் கொள்க. மடையைத் திறக்குமாறு ஊர்த்தலைவர் அனுப்பும் ஏவலரே இன்சுலின். வயல் காய்ந்திருக்கும்பொழுது உழவர் ஏவலரின் ஒரு சொல்லுக்கே மடையைத் திறப்பர். வயலில் முன்னரே நீர் தேங்கி நிற்குமாயின், எத்துணை முறை கூறினும் திறக்கத் தயங்குவர். உடலிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கின்றது.

தேவைக்கு மேல் உண்டு, உழைப்புக் குறையுமாயின், எஞ்சிய ஆற்றல் கொழுப்பாக மாறித் தோலுக்கு அடியிலுள்ள சேமிப்பிடங்களில் தங்கும். அவ்விடங்கள் நிறைந்துவிட்டால், கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்தும், கல்லீரலுக்குள்ளும், தசைகளுக்குள்ளும் படியத் தொடங்கும். அங்கே படிந்த கொழுப்பிலிருந்து தோன்றும் சில பொருள்கள், ஏற்பியிலிருந்து உள்ளே செல்லும் குறிப்பினை இடையிலேயே தடுக்கின்றன. பருத்த கொழுப்பு உயிரணுக்கள் வெளியிடும் அழற்சிப் பொருள்களும் அத்தடைக்குத் துணைபோகின்றன. இதனால், தசை சர்க்கரையைக் குறைவாகவே ஏற்கின்றது. கல்லீரலோ உணவு வந்த பின்னரும் சர்க்கரை ஈவதைத் தக்கவாறு குறைப்பதில்லை. பரம்பரை இயல்பும், உறக்கக் குறைவும் இந்நிலையை மிகுவிக்கும்.

எனினும், குருதியில் சர்க்கரை உடனே ஏறிவிடுவதில்லை. ஏன்? ஓர் ஏவலரின் சொல் எடுபடாதபோது ஊர்த்தலைவர் இருவரை அனுப்புகின்றார். பின்னர் நால்வரை அனுப்புகின்றார். அதுபோலவே கணையமும் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சமன் செய்கின்றது. கால்வாயின் நீர்மட்டத்தை மட்டும் நோக்குவோர், யாவும் நலமே என்று எண்ணுவர்; அதனை நிலைநிறுத்த எத்தனை ஏவலர் அலைகின்றனர் என்பதை அறியார். இம்மறைவுக் காலம் பல்லாண்டுகள் நீளும். இறுதியில் கணையத்தின் உயிரணுக்கள் சோர்ந்து, தேவைக்கேற்பச் சுரக்க இயலாத நிலை வரும்பொழுதே சர்க்கரை உயர்ந்து நீரிழிவு வெளிப்படுகின்றது.

இவ்வுண்மை எளிதில் புலப்பட்டதன்று. 1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவு என்றாலே இன்சுலின் இன்மைதான் என்று அப்பொழுது கருதப்பட்டது. இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஹிம்ஸ்வொர்த், நோயாளர்க்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒருங்கே கொடுத்து ஆராய்ந்தார். சிலருக்குச் சர்க்கரை அடங்கியது. வேறு சிலருக்கு இன்சுலின் இருந்தும் சர்க்கரை ஏறியது. எனவே நீரிழிவு இருவகைப்படும் என்று 1936-இல் அவர் எழுதினார். 1960-இல் அமெரிக்க நாட்டின் யாலோ அம்மையாரும் பெர்சன் என்பாரும் குருதியிலுள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை வெளியிட்டனர். முதிர்ந்த வயதில் நீரிழிவுற்றோர் பலருக்கு இன்சுலின் குறையாதிருத்தலை அம்முறை காட்டிற்று. யாலோ அம்மையார் 1977-இல் நோபெல் பரிசு பெற்றார்.

பருத்த உடலினர்க்கே இந்நிலை வரும் என்று கருதுதல் பிழை. புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளையும், இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-இல் வெளியாயிற்று. முன்னவரின் சராசரி எடை 2.7 கிலோகிராம், பின்னவரின் எடை 3.5 கிலோகிராம். ஆயினும் புனேக் குழந்தைகளிடம் தசை குறைந்த அளவிற்குக் கொழுப்புக் குறையவில்லை. ஆதலால் இந்தியர் மெலிந்து தோன்றினும் வயிற்றின் சுற்றளவைக் கவனித்தல் வேண்டும். வளர்ந்த ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும், மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. சிலருக்குக் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்துக் காணப்படும். அதனை அழுக்கென்று கருதித் தேய்ப்பாரும், எள்ளி நகைப்பாரும் உண்டு. அது பெரும்பாலும் மிகுந்த இன்சுலினால் விளையும் அடையாளம். அத்தகைய மாணவர்க்கு வேண்டுவது ஏளனம் அன்று, மருத்துவரின் அறிவுரையே.

இக்கேட்டினைத் தணிக்க இயலும் என்பது பெரிதும் ஆறுதல் தருவது. இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை ஏற்கும் ஆற்றல் உடையது. ஆகவே, நடக்கும்பொழுதும் ஓடியாடும்பொழுதும் ஏவலர் இன்றியே மடைகள் திறக்கின்றன. உடல் எடை மிகுந்தோர் அதனைச் சிறிது குறைத்தாலும் கல்லீரலில் படிந்த கொழுப்புக் குறைந்து, இன்சுலினுக்கு இணங்கும் தன்மை மீள்கின்றது. சென்னை மருத்துவ அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். நீரிழிவின் எல்லையில் நின்றோருள், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவை ஒழுங்குபடுத்தி உடலுழைப்பை மேற்கொள்ளுமாறு தொடர்ந்து வழிகாட்டப்பெற்றோருள் ஏறத்தாழ 39 பேரே நோயுற்றனர்.

நோய் வெளிப்பட்ட பின்னர் மருந்து தேடுதல் இன்றியமையாதது. அது மறைந்திருக்கும் காலத்திலேயே தடுத்தல் அதனினும் சிறந்தது. அளவறிந்து உண்பதும், நாள்தோறும் விளையாடுவதும், போதிய அளவு உறங்குவதும் பொருட்செலவு வேண்டாத காப்புகள். கணையம் ஓசையின்றிச் சுமக்கும் சுமையை இளமையிலேயே குறைப்பவர், முதுமையில் அதன் பயனை நுகர்வர்.