ப்ளஸ் ஒண்ணா, மைனஸ் ஒண்ணா? எண்ணிப் பாத்துடலாம்!

ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நம்மில் பல பேரைக் குழப்புற விஷயம் இது. மேக்ஸ்வெல்–போல்ட்ஸ்மேன், ஃபெர்மி–டிராக், போஸ்–ஐன்ஸ்டீன்னு மூணு டிஸ்ட்ரிபியூஷன். மூணுலயும் அதே எக்ஸ்பொனென்ஷியல்தான். ஆனா பகுதியில் ஒண்ணுக்கு +1, ஒண்ணுக்கு −1, இன்னொண்ணுக்கு எதுவுமே இல்லை. எது எதுக்கு? மனப்பாடம் பண்ணினா காலையில மறந்துடும். எண்ணிப் பாத்தா மறக்காது.

முதல்ல நாலு காசைச் சுண்டுங்க. மொத்தம் 16 விதமா விழலாம். நாலும் தலையா விழ ஒரே வழி. ரெண்டு தலை, ரெண்டு பூ விழ 6 வழி. ஒவ்வொரு தனி வழியும் ஒரு மைக்ரோஸ்டேட். 'ரெண்டு தலை' என்ற மொத்தக் கணக்கு மேக்ரோஸ்டேட். 16 வழிக்கும் சம வாய்ப்புதான். பாதிக்குப் பாதி அடிக்கடி வரக் காரணம், அதுக்கு வழிகள் அதிகம். காசு 100 ஆனா, எல்லாம் தலையா விழ அப்பவும் ஒரே வழி. 50–50க்கு சுமார் 10²⁹ வழிகள்! இந்த வழிகளோட எண்ணிக்கைக்கு லாகரிதம் எடுத்து, போல்ட்ஸ்மேன் மாறிலியால பெருக்கினா கிடைப்பதுதான் என்ட்ரோபி. வியன்னாவில் போல்ட்ஸ்மேன் கல்லறையில் பொறிச்சிருக்கிற சமன்பாடும் இதேதான்.

இப்போ காசை விடுங்க. ரெண்டு துகள், ரெண்டு அறைன்னு வெச்சுக்குவோம்.

1. துகள்களை 'அ', 'ஆ'ன்னு அடையாளம் பிரிக்க முடிஞ்சா 4 வழி. அதுல 2 வழியில் ரெண்டும் ஒரே அறையில். சேர்ந்திருக்க வாய்ப்பு 1/2. இது மேக்ஸ்வெல்–போல்ட்ஸ்மேன்.

2. அடையாளம் பிரிக்கவே முடியாதுன்னா, 'அ இங்க, ஆ அங்க' என்பதும் அதோட மாத்தலும் ஒண்ணேதான். அப்போ 3 வழி. சேர்ந்திருக்க வாய்ப்பு 2/3. இது போசான்.

3. அடையாளமும் பிரிக்க முடியாது, ஒரு அறைக்கு ஒருத்தர்தான்னா (பாலி விதி) 1 வழி. சேர்ந்திருக்க வாய்ப்பு பூஜ்யம். இது ஃபெர்மியான்.

விடை வந்துடுச்சு. போசான்கள் கூட்டம் சேரும், சராசரி எண்ணிக்கை கூடணும், அதனால பகுதி குறையணும்: −1. ஃபெர்மியான்கள் இடம் பகிராது, பகுதி கூடணும்: +1. அந்த +1 இருக்கிறதாலதான் சராசரி ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. பாலி விதி ஃபார்முலாவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு!

1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திட்டிருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை ரெண்டாவது முறையில் எண்ணித்தான் பிளாங்க் விதியை வருவிச்சார். ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார், அவரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வெச்சார். எண்ணும் விதத்தை மாத்தினதுல இயற்பியலே மாறிடுச்சு.

'எனக்கு எலக்ட்ரானிக்ஸ்தானே, இது எதுக்கு?'ன்னு கேட்கிறவங்களுக்கு: போல்ட்ஸ்மேன் மாறிலியை வெப்பநிலையால பெருக்கினா வர்ற 'கேடி' (பேர்தான் கேடி, ஆள் ரொம்ப உதவி!), அதை எலக்ட்ரான் மின்னூட்டத்தால வகுங்க. 300 கெல்வினில் சுமார் 26 மில்லிவோல்ட். ஆமா, டையோடு சமன்பாட்டில் வர்ற அதே 26! ஃபெர்மி லெவலுக்கு மேல 3 கேடி போனா எக்ஸ்பொனென்ஷியல் சுமார் 20 ஆயிடும். அதுல +1-ஐ விட்டாலும் 5 சதவீதம்தான் பிழை. செமிகண்டக்டர் கணக்கில் +1-ஐத் தைரியமா விடுறது அதனாலதான்.

வீட்டுப்பாடம்: மூணு துகள், மூணு அறை. மூணு முறையிலயும் எண்ணுங்க. 27, 10, 1 வந்தா, இந்த யூனிட் உங்க கையில!