நாகம்: மண்ணில் மறைந்திருக்கும் உலோகம், உடலுக்கு வேண்டிய சத்து



குளிர்காலம் தொடங்கினால் பிள்ளைகளுக்குத் தடிமன், இருமல், தொண்டைநோ என்று ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் டுசல்டோர்ஃப் கடைகளில் அதிகம் விற்பனையாகும் பொருட்களில் ஒன்று "சிங்க்" குளிசை. எங்கள் வீடுகளிலும் பலர் இதை வாங்கி வைத்திருக்கிறோம். சிலர் பெரியவர்களுக்கான குளிசையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். இது சரியா? இந்தச் "சிங்க்" என்பது என்ன? அது எங்கிருந்து வருகிறது? எவ்வளவு தேவை? இவற்றை இந்த முறை பார்ப்போம்.

பெயர் பற்றி முதலில்

இலங்கைப் பாடப்புத்தகங்களில் இதனை "நாகம்" என்று படித்தோம். தமிழ்நாட்டில் "துத்தநாகம்" என்பார்கள். ஜேர்மன் மொழியில் "சிங்க்". மூன்றும் ஒன்றே. முற்காலத்தில் கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலில் வந்த நாகத்தை ஐரோப்பிய வணிகர்கள் "டூட்டனாக்" என்று அழைத்தார்கள். எங்கள் பக்கத்துச் சொல்லே அப்படித் திரிந்து போனது.

பெயரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சித்த வைத்தியத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்திலோ "நாகம்" என்ற சொல் ஈயத்தைக் குறிக்கும். துத்தநாகத்தை அங்கே "யசதம்" என்பார்கள். ஈயம் உடலுக்கு நஞ்சு. எனவே ஊரிலிருந்து வரும் பற்பம், செந்தூரம் போன்றவற்றைப் பெயரை மட்டும் பார்த்து, "இதுவும் சிங்க்தானே" என்று எண்ணி யாரும் உட்கொள்ளக் கூடாது.

இயற்கையில் நாகம் எப்படிக் கிடைக்கிறது?

பொன், வெள்ளி, செம்பு ஆகிய உலோகங்கள் சில இடங்களில் தனி உலோகமாகவே பூமியில் கிடைக்கும். ஆற்று மணலை அரித்துப் பொன் எடுப்பது இதனால்தான் முடிகிறது. நாகம் அப்படியல்ல. தனி உலோகமாக அது இயற்கையில் கிடைப்பது மிக மிக அரிது. அவ்வாறு கிடைப்பதாகச் சொல்லப்பட்டவை நுண்ணிய துணுக்குகளே. அவையும் உண்மையா என்று நீண்ட காலம் ஐயம் இருந்தது.

காரணம் எளிது. நாகம் கந்தகத்துடனும் ஒட்சிசனுடனும் இலகுவாகச் சேர்ந்துவிடும். ஆகவே அது பெரும்பாலும் கந்தகத்துடன் சேர்ந்த தாதுவாகவே இருக்கிறது. இத்தாதுவை ஜேர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் "சிங்க்பிளெண்டே" என்றார்கள். "பிளெண்டன்" என்றால் கண்ணை மயக்குதல், ஏமாற்றுதல். பார்வைக்கு ஈயத்தாது போல இருந்தும் உருக்கினால் ஈயம் வராததால் வந்த பெயர் அது. காபனேற்றாகவும் சிலிக்கேற்றாகவும் கிடைக்கும் தாதுக்களைச் சேர்த்து "கல்மாய்" என்பார்கள்.

நாகத்தின் குணங்கள் சில:

- நீலம் கலந்த வெள்ளை நிறம். அணு எண் 30.
- ஒரு கன சென்ரிமீற்றர் நாகம் சுமார் 7.1 கிராம் நிறை கொண்டது.
- சுமார் 420 பாகை செல்சியசில் உருகும். 907 பாகையில் கொதித்து ஆவியாகும்.
- சாதாரண வெப்பநிலையில் நொறுங்கும். 100 முதல் 150 பாகை வரை சூடாக்கினால் வளைந்து கொடுக்கும். அப்போதுதான் தகடாக்க முடியும்.
- காற்றுப் பட்டால் மேலே சாம்பல் நிறப் படலம் உண்டாகும். அந்தப் படலமே உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும்.

கடைசிக் குணத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். இங்குள்ள பல வீடுகளின் மழைநீர்ப் பீலிகள் நாகத் தகட்டால் ஆனவை. ஊரில் கூரைக்குப் போட்ட தகரமும் கிணற்றடி வாளியும் நாகம் பூசிய இரும்பே. சாமி அறையில் இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கு செம்பும் நாகமும் சேர்ந்த கலவை.

எங்கள் அயலில் நாகம்

நாகத்தின் வரலாற்றைப் பார்க்க நாங்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. ஆகன் நகருக்கு அருகே, பெல்ஜிய எல்லைக்கு அப்பால் கெல்மிஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த கல்மாய்ச் சுரங்கத்தின் பெயர் "ஆல்ட்டன்பேர்க்". இச்சுரங்கம் யாருக்கு என்று நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததால், 1816இல் அவ்விடம் "நடுநிலை மொறெஸ்னெட்" என்ற பெயரில் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத சிறு நிலப்பகுதியாக்கப்பட்டது. முதலாம் உலகப் போருக்குப் பின்னரே அது பெல்ஜியத்துடன் சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே சுரங்கத்துத் தாது தீர்ந்துவிட்டது.

கெல்மிசின் பிரெஞ்சுப் பெயர் "லா கலமின்". பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பான் வந்தால் கடி தணியப் பூசுகிறோமே, அந்த இளஞ்சிவப்புக் "கலமைன்" திரவம். அதற்கும் இந்த ஊருக்கும் பெயர் கொடுத்தது இதே தாதுதான். அத்திரவத்தில் உள்ள முக்கியப் பொருள் நாக ஒட்சைட்டு. குழந்தைகளுக்கு அணையாடைப் புண்ணுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பிலும் அதுவே இருக்கிறது.

ஆல்ட்டன்பேர்க் என்ற பெயரைத் தாங்கிய தொழிற்சாலை ஒன்று எங்களுக்கு இன்னும் கிட்டவே உள்ளது. ஓபர்ஹவுசன் பிரதான ரயில் நிலையத்தின் பின்புறம் 1854இல் தொடங்கப்பட்ட ஆல்ட்டன்பேர்க் நாகத் தொழிற்சாலை 1981 வரை இயங்கியது. நாகத்தைத் தகடாக்கிய அந்த இடம் இன்று தொழில்துறை அருங்காட்சியகம்.

ஆவியைப் பிடித்த சாவர்

தாதுவிலிருந்து நாகத்தைப் பிரிப்பது மிகக் கடினம். தாதுவைக் கரியுடன் சேர்த்து உருக்கத் தேவையான வெப்பத்தில் நாகம் ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றுப் பட்டவுடன் மீண்டும் ஒட்சைட்டாகிவிடும். இதனால் நாகம் என்ற உலோகத்தைத் தனியே காணாமலே, செம்புடன் கல்மாயைச் சூடாக்கி ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பித்தளை செய்தார்கள்.

இந்தச் சிக்கலைப் பேரளவில் முதலில் தீர்த்தவர்கள் இந்தியாவில், ராஜஸ்தானின் உதயப்பூருக்கு அருகே உள்ள சாவர் மக்கள். கத்தரிக்காய் வடிவில் களிமண் குடுவைகள் செய்து, தாதுவை உள்ளே அடைத்து, வாயைக் கீழ்நோக்கி வைத்து மேலே நெருப்பு மூட்டினார்கள். ஆவி கீழிறங்கிக் குளிர்ந்து உலோகமாகச் சேர்ந்தது. அடுப்பு ஒன்றில் 36 குடுவைகள். 1980களில் நடந்த அகழ்வாய்வுகளில் இவை வெளிவந்தன. ஐரோப்பாவில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் 1738இல்தான் இதற்குக் காப்புரிமை பெற்றார். பேர்லினில் அந்திரேயாஸ் மார்க்கிராஃப் 1746இல் நாகத்தைப் பிரித்து அதன் தன்மைகளை விளக்கினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சாவரில் இத்தொழில் நடந்துகொண்டிருந்தது.

உடலுக்கு நாகம் ஏன் தேவை?

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 2 முதல் 3 கிராம் நாகம் உண்டு. பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருக்கிறது. எனினும் உடல் இதைத் தேவைக்கு எடுக்கும்படி சேமித்து வைப்பதில்லை. நாள்தோறும் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான நொதியங்களின் வேலைக்கும், கலங்கள் பெருகுவதற்கும், காயம் ஆறுவதற்கும், நோயெதிர்ப்புக்கும், நாச்சுவைக்கும் நாகம் தேவை.

இது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உலகுக்குக் காட்டியவர் பீகாரில் பிறந்த வைத்தியர் ஆனந்த பிரசாத். 1950களின் இறுதியில் ஈரானின் சிராஸ் நகரில் பணியாற்றியபோது, இருபது வயதைத் தாண்டியும் சிறுவர் போல வளர்ச்சி குன்றியிருந்த இளைஞர்களைக் கண்டார். அவர்களின் முக்கிய உணவு புளிக்கவைக்காத ரொட்டி. பின்னர் எகிப்தில் தொடர்ந்த ஆய்வுகளில், இக்குறைக்கு நாகக் குறைபாடு காரணம் என்று காட்டினார். நாகம் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். ஆரம்பத்தில் பலர் இதை ஏற்கவில்லை. இன்றோ, 2004ஆம் ஆண்டிலிருந்து, வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் நாகம் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பரிந்துரைக்கின்றன.

புளித்த மாவின் பயன்

அந்த ரொட்டியில் நாகம் இல்லாமல் இல்லை. தானியங்களின் தவிட்டிலும் பருப்பு வகைகளிலும் "பைற்றேற்று" என்ற பொருள் உண்டு. அது நாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடல் அதை உறிஞ்ச முடியாது. ஊறவைத்தல், முளைக்கவைத்தல், புளிக்கவைத்தல் மூன்றும் பைற்றேற்றைக் குறைக்கும். எங்கள் அம்மாமார் உழுந்தை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்துத் தோசை சுட்டதும், பயறை முளைக்கவைத்ததும் இவ்வகையில் மிகவும் நல்ல பழக்கங்கள். இந்த நாட்டுப் புளித்தமாப் பாணான "சவர்டைக்" பாணிலும் இதே வேலை நடக்கிறது. அவசரத்துக்குச் சோடா போட்டு உடனே சுடும் தோசையில் இந்தப் பயன் கிடைக்காது.

எவ்வளவு தேவை?

ஜேர்மன் போசாக்குச் சங்கம் 2019இலிருந்து பைற்றேற்றின் அளவைப் பொறுத்து நாகத் தேவையைச் சொல்கிறது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 7, 8 அல்லது 10 மில்லிகிராம். ஆண்களுக்கு 11, 14 அல்லது 16 மில்லிகிராம். தவிட்டுத் தானியமும் பருப்பும் மிகுதியாக உண்ணும் மரக்கறி உணவுக்காரருக்குக் கடைசி எண் பொருந்தும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தேவை கூடும்.

எங்கள் சாப்பாட்டில் இது கிடைக்குமா? ஒரு நாள் கணக்கை அண்ணளவாகப் பார்ப்போம்:

- ஓட்ஸ் 50 கிராம்: 2 மில்லிகிராம்
- பால் ஒரு கோப்பை: 0.8
- வெள்ளை அரிசி 75 கிராம்: 0.8
- பருப்பு 50 கிராம்: 1.8
- கஜு ஒரு கைப்பிடி: 1.6
- எள்ளு ஒரு மேசைக்கரண்டி: 0.7
- முட்டை ஒன்று: 0.6
- பாற்கட்டி ஒரு துண்டு: 1.2

கூட்டினால் ஏறக்குறைய 9.5 மில்லிகிராம். இறைச்சி, மீன் இல்லாமலே பெண் ஒருவருக்குப் பொதுவாக இது போதும். ஆண்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்; அளவைக் கூட்டிக்கொள்ளலாம். மாட்டிறைச்சி 100 கிராமில் 4 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நண்டிலும் நன்றாக உண்டு. வெறும் வெள்ளைச் சோறும் குழம்பும், அல்லது வெள்ளைப் பாணும் ஜாமும் என்று நாளை ஓட்டுபவர்களுக்கே குறை வரும். தனியே வாழும் முதியவர்களை இவ்விடத்தில் நினைவில் கொள்ளுங்கள்.

குளிசை எடுக்கலாமா?

முடி கொட்டுதல், சுவை தெரியாமை, புண் ஆறத் தாமதம், அடிக்கடி வருத்தம் வருதல் ஆகியவை நாகக் குறைபாட்டில் வரலாம். ஆனால் இரும்புக் குறைபாட்டிலும் தைரொயிட்டு நோயிலும் நீரிழிவிலும் இவற்றில் சில வரும். நாமாகவே "சிங்க் குறைவு" என்று முடிவுகட்டிக் குளிசை போட்டால் உண்மையான நோய் மறைந்திருந்து வளரும். முதலில் வீட்டு வைத்தியரைக் கேளுங்கள்.

தடிமனுக்கு என்ன பயன்? 2024இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, நாகம் தடிமன் வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. வந்த தடிமனைச் சுமார் இரண்டு நாள் குறைக்கலாம். அதற்கும் சான்று உறுதியானதல்ல.

கூடுதலானால் தீமை உண்டு. வயிற்றுப்பிரட்டலும் வாந்தியும் வரும். நீண்ட காலம் அதிகமாக எடுத்தால் உடலில் செம்பு குறைந்து இரத்தச்சோகையும் நரம்புப் பாதிப்பும் ஏற்படலாம். ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், உணவுக்கு மேலதிகமாக எடுக்கும் குளிசையில் ஒரு நாளைக்கு 6.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. கடையில் 10, 15, 25 மில்லிகிராம் குளிசைகளும் கிடைக்கின்றன. பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். பெரியவர்களின் குளிசையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படுவதே சில மில்லிகிராம்தான்; அதை உணவே கொடுத்துவிடும். இரும்புக் குளிசையோ சில வகை அன்ரிபயோட்டிக்கோ எடுப்பவர்கள் நாகத்தையும் சேர்த்து எடுத்தால் ஒன்றையொன்று தடுக்கும். மருந்தகத்தில் கேட்டு இடைவெளி விடுங்கள்.

தோட்டம் வைத்திருப்போர் கவனத்துக்கு

நாகத்தாது தனியே இருப்பதில்லை. ஈயமும் கட்மியமும் கூடவே இருக்கும். கட்மியம் என்ற மூலகமே 1817இல் நாகக் காபனேற்றிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகனுக்கு அருகே உள்ள ஸ்டோல்பேர்க் போன்ற பழைய சுரங்க, உருக்காலைப் பகுதிகளின் மண்ணில் இவை இன்றும் உள்ளன. அங்கே மஞ்சள் நிறக் "கல்மாய் வயலட்" பூக்கள் பூக்கும். நாகம் மிகுந்த மண்ணைத் தாங்கக்கூடிய அரிய செடி அது. பார்க்க அழகு, ஆனால் அந்த மண்ணில் கீரை வளர்த்தால் கீரை கட்மியத்தை உறிஞ்சிக்கொள்ளும். கட்மியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பழைய ஆலை நிலங்களுக்கு அருகே தோட்டம் எடுப்பவர்கள், நகரசபையின் சுற்றுச்சூழல் பிரிவில் மண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கீரை விதையுங்கள்.

இன்னொன்று: நாகம் பூசிய வாளியில் புளிக்கரைசல், தயிர், பழச்சாறு போன்றவற்றை வைக்காதீர்கள். புளிப்பு நாகத்தைக் கரைக்கும். கோவில், மண்டப நிகழ்ச்சிகளில் மோர் கரைப்பவர்கள் எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

சுருக்கமாக

நாகம் உடலுக்கு இன்றியமையாதது. ஆனால் மில்லிகிராம் அளவில்தான். புளித்த தோசை, முளைத்த பயறு, பருப்பு, எள்ளுருண்டை, கஜு, பால், முட்டை, விரும்பினால் இறைச்சியும் நண்டும் என்று கலந்து உண்ணுங்கள். குளிசை வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும். வார இறுதியில் நேரம் கிடைத்தால் பிள்ளைகளை ஓபர்ஹவுசனுக்கோ கெல்மிசுக்கோ கூட்டிச் சென்று, இந்த உலோகத்தின் கதையையும் சாவர் மக்களின் கத்தரிக்காய்க் குடுவையையும் சொல்லிக் கொடுங்கள்.